புருஷன் கையெழுத்து

பெரும்பாக்கம் நிஷா என்பவரின் மரணம் குறித்து அவருடைய தாயார் முனியம்மாள் மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவின் பேரில், உதவி ஆய்வாளர் அனுப்ரியா முன்பாகச் செண்பகம் சொன்னது. அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் செண்பகம். வயது நாற்பத்தாறு. கணவர் பெயர் தணிகாசலம், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். திருவான்மியூர் கோயில் குளத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் வாடகைக்குக் குடியிருந்து வருகிறோம். அடையாறில் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் பத்தொன்பது வருடமாக ஆயா வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயரையும் அங்குள்ள டாக்டரம்மாவின் பெயரையும் தனியாகச் சொல்லியிருக்கிறேன். எனக்குக் குழந்தை இல்லை. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள் என்று எஸ்.ஐ. அம்மாவிடம் நான்தான் சொன்னேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இறந்துபோன நிஷா என் தம்பி அசோகனின் மனைவி. மனு கொடுத்த முனியம்மாள் திருவான்மியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். அசோகனைப் பெற்ற வருடமே எங்கள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அடையாறு ஆற்றோரத்தில் குடிசை போட்டிருந்த காலத்தில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நான் தண்ணி லாரிக்கு நிற்பேன். இன்றைக்கும் ஒரு சட்டை எடுத்தால் என்னிடம் காட்டிவிட்டுத்தான் போடுவான். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். குஜராத் பக்கம் லோடு ஏற்றிப் போனால் வர வாரக்கணக்கில் ஆகும். ஆற்றோரத்தை இடித்த பிறகு அவனுக்குப் பெரும்பாக்கத்தில் ஹவுசிங் போர்டு வீடு கொடுத்தார்கள். நிஷா அங்கிருந்து ஓ.எம்.ஆர். ரோட்டில் ஒரு கம்பெனிக்குத் துப்புரவு வேலைக்குப் போய் வந்தாள். அவர்களுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள்.

போன வருடம் பொங்கல் கழித்து நிஷா மூன்றாவதாக உண்டானாள். கலைத்துவிடலாம் என்று என்னிடம்தான் முதலில் சொன்னாள். நான் அவளைக் கலைக்க விடவில்லை. எனக்கு இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. பெசன்ட் நகர் மாதா கோயிலில் தொட்டில் வைத்தேன், மருந்தீஸ்வரருக்குப் பால் ஊற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. வேலையிலோ தினமும் பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துப் பவுடர் போட்டு அடுத்தவள் கையில் கொடுக்க வேண்டும். நிஷாவின் காலைத்தான் பிடிக்கவில்லை, மற்றபடி எல்லா விதமாகவும் கெஞ்சினேன். அவள் சிரித்துவிட்டு, "சரிக்கா, உனக்குப் பெத்துக் குடுத்துட்டுப் போறேன், அழுவாத" என்று என் உள்ளங்கையில் கையடித்துச் சொன்னாள். எங்கள் ஜனத்தில் நாத்தனாருக்குப் பிள்ளை இல்லையென்றால் தம்பி வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கொடுப்பது உண்டு. எழுத்து எதுவும் கிடையாது. கையடித்தால் அடித்ததுதான்.

அதன் பிறகு நான் வாரத்துக்கு இரண்டு தடவை பெரும்பாக்கம் போய் வந்தேன். இறால் தொக்கு செய்து எடுத்துப் போவேன். "உம்புள்ள சோறு தின்னவிட மாட்டேங்குதுக்கா, வந்ததும் கேட்டு வை" என்பாள். மூன்றாம் மாதத்தில் ரத்தம் பட்டது. சில பேருக்கு அப்படித்தான் படும், பயப்படாதே என்று நான் சொன்னேன். பிரசவ ஆஸ்பத்திரியில் இருக்கிறவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவள் நம்பினாள். மறுபடியும் பட்டது. கம்பெனியில் கூட வேலை செய்கிற பெண்கள் திட்டி ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே கர்ப்பப்பை வாயில் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். கேன்சர் என்று வந்தது.

அதன் பிறகு கேன்சர் பார்க்கிற டாக்டரிடம் அவளோடு நானும் போனேன். அவர் நிதானமாக, எங்களுக்குப் புரிகிற மாதிரித்தான் சொன்னார். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு கரண்ட், அதாவது ரேடியேஷன், வைக்க முடியாது, முதலில் கலைக்க வேண்டும், கலைத்த கையோடு கரண்ட் ஆரம்பித்தால் அவள் தேறி வர நல்ல வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப் போட்டால் தன் கையில் இல்லை என்றார். அப்போது அவளுக்கு நாலு மாதம் இன்னும் முடியவில்லை. பிரசவ ஆஸ்பத்திரி எதிலாவது கலைத்துக்கொண்டு உடனே வா என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து நிஷா மாடிப்படியில் உட்கார்ந்தாள். "அக்கா, உனக்குக் குடுக்கறேன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிடு. ரெண்டு பசங்க கீதுங்க, அதுங்களுக்கு நான் வேணும்" என்றாள். நோய் அவளுக்கு, மன்னிப்பும் அவள்தான் கேட்டாள். நான் பரவாயில்லை என்றுகூடச் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முனியம்மாள் சொன்னார். நான்தான், எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பண்ணிக்கொள்ளலாம், நான் கூடவே இருப்பேன் என்று சொன்னேன். அப்போது அதை நல்ல எண்ணத்தோடு சொன்னாயா என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார். அன்றைக்குக் கேட்டிருந்தால் ஆமாம் என்று கற்பூரம் அடித்துச் சொல்லியிருப்பேன். இன்றைக்கு எனக்கே தெரியவில்லை.

அந்த வாரமே நிஷா எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ரிசப்ஷனில் தீபிகா என்கிற பெண் இருந்தாள். சீட்டைப் பார்த்துவிட்டு, "ஹஸ்பெண்ட் எங்கே? அவர் வந்து கையெழுத்துப் போடணும்" என்று எல்லாரிடமும் சொல்வதைப் போலச் சொன்னாள். நிஷா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பெட்ஷீட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன்.

நான் இந்த நிலையத்துக்கு வந்தது இந்த இடத்தைச் சொல்லத்தான். புருஷன் கையெழுத்து சட்டத்தில் கிடையாது. அது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். நாளைக்கு ஒரு புருஷன் வந்து வாசலில் நின்று கத்தக்கூடாது என்பதற்காக வைத்துக்கொண்ட வழக்கம். வயது வந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்தே போதும் என்று டாக்டரம்மா ஒரு நர்சிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். காரில் தனியாக வந்து இறங்குகிற அம்மாமார்களிடம் யாரும் புருஷன் எங்கே என்று கேட்டதில்லை. அவர்களே கையெழுத்துப் போடுவார்கள். மதியம் அவர்களுக்குச் சூடாகப் பால் கொடுத்து லிஃப்ட் வரை கொண்டுபோய் விடுவது என் வேலை. மஞ்சள் பையோடு பஸ்ஸில் வருகிறவளுக்குத்தான் புருஷன் வேண்டும். நான் வாயாடி, ஆஸ்பத்திரியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். டியூட்டி மாற்றியதற்காக டாக்டரம்மாவின் அறைக்குள்ளேயே போய்ச் சத்தம் போட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் எனக்கு வாய் இல்லை.

அன்று திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில், "அக்கா, அவரு இல்லாம முடியாதா? நீ ஒரு வார்த்த சொல்லேன்" என்று நிஷா கேட்டாள். "அது சட்டம்மா, நான் இன்னா பண்றது" என்று சொன்னேன். பஸ் வந்ததும் அவள் எனக்கும் சேர்த்து சீட் பிடித்தாள்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து அசோகனுக்கு போன் செய்தேன். அவன் அப்போது சூரத் பக்கம் இருந்தான். நிஷா முன்னாலேயே அவனிடம் அழுதிருந்தாள். லோடை வேறு ஆளிடம் விட்டுவிட்டு ரயில் ஏறுகிறேன் என்றான். நான் வராதே என்றேன். நீ வந்து கையெழுத்துப் போட்டால் பிள்ளை போய்விடும், பிள்ளை பிறந்த பிறகும் கரண்ட் வைக்கலாம், டாக்டர்கள் எப்போதும் அவசரப்படுத்துவார்கள் என்று சொன்னேன். "அவளுக்கு ஒண்ணும் ஆவாதேக்கா?" என்று கேட்டான். "ஆஸ்பத்திரியில கீறவ நானா நீயா?" என்று அதட்டினேன். அவன் அடங்கிவிட்டான். அவனை அப்படி வளர்த்தவள் நான். அவனைக் குற்றத்தில் சேர்க்காதீர்கள் என்று கேட்கவில்லை. ஆனால் அவன் வாயில் வந்தது என் வார்த்தைதான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு நிஷாவிடம் அவன், லோடு இறங்கவில்லை, ஓனர் விடவில்லை என்று சொல்லி வந்தான். நானும் அவளுக்கு ஆறுதல் சொல்லி வந்தேன். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்களே, அப்படித்தான் இருந்தேன். அவளுக்கு ரத்தப்போக்கு அதிகமானது. நான் மாதுளம்பழம் வாங்கிப் போனேன். பிள்ளை அசைய ஆரம்பித்திருந்தது. என் கையை எடுத்து வயிற்றில் வைத்து, "இங்க பாருக்கா" என்றாள். நான் கையை எடுக்கவில்லை. எடுக்க மனசு வரவில்லை.

அதன் பிறகு முனியம்மாள் மீன் கூடையை மார்க்கெட்டில் போட்டுவிட்டு மகளை அழைத்துக்கொண்டு நேராக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரிசப்ஷனில், "எம்பொண்ணு உடம்புக்கு எம்பொண்ணு கையெழுத்து போட்டா செல்லாதா, அவன் எங்கயோ வண்டி ஓட்டிக்கினு கீறான்" என்று சத்தம் போட்டார். சத்தம் கேட்டு நான் வந்து மாடிப்படியில் நின்றேன். தீபிகா என்னிடம் ஓடிவந்து, "அக்கா, உங்க தம்பி வைஃப்தானே? பாவமா இருக்கு. நான் டாக்டரம்மாகிட்ட சொல்லி அவங்க கையெழுத்துலயே பண்ணச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவள் கேட்டாள், நான் கேட்கவில்லை. நான் அவளிடம், "குடும்பத்துல பேசிக்கினு கீறோம், நீ விடு" என்று சொன்னேன். அவள் விட்டுவிட்டாள். அந்த இரண்டு பேரும் வெயிலில் வெளியே போனதை நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். தீபிகாவை விசாரித்தால் இதைச் சொல்வாள். அந்தப் பெண் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அதன் பிறகு நிஷா என்னிடம் சொல்லாமல், ரிசப்ஷனையும் கேட்காமல், டாக்டரம்மா காரிலிருந்து இறங்கும்போது எதிரில் போய் நின்றுவிட்டாள். டாக்டரம்மா உள்ளே அழைத்துப் போய் ஸ்கேன் செய்து பார்த்தார். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார். வந்தேன், புருஷன் கையெழுத்து கேட்டார்கள் என்று நிஷா சொன்னாள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். இருபது வாரம் தாண்டிவிட்டது, இனி நான் மட்டும் முடிவெடுத்துக் கலைக்கச் சட்டத்தில் இடமில்லை, அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார். அன்றைக்கும் அறையில் நான் இருந்தேன். ஸ்கேன் மெஷின் ஜெல்லைத் துடைக்கிற துணி என் கையில் இருந்தது. நிஷாவின் வயிற்றை நான்தான் துடைத்துவிட்டேன்.

அரசு ஆஸ்பத்திரிக்கு நான், நிஷா, முனியம்மாள் மூன்று பேரும் போனோம். அங்கே புருஷனை யாரும் கேட்கவில்லை. நிஷாவின் கையெழுத்தை மட்டும்தான் கேட்டார்கள். அப்போது முனியம்மாள் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாடு போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவாகப் படிக்கவே வராது.

அங்கே டாக்டர்கள் கூடி முடிவெடுக்க வேண்டும் என்றார்கள். ஸ்கேன் மறுபடி எடுத்தார்கள், ரத்தம் மறுபடி எடுத்தார்கள், ஒரு பெரிய டாக்டர் லீவில் போய் வந்தார். அதற்குள் ஆறு மாதம் நெருங்கிவிட்டது. முடிவில் சொன்னது இதுதான். பிள்ளைக்கு ஏதாவது குறை இருந்தால் இந்த மாதத்திலும் கலைக்கலாம், ஆனால் பிள்ளை நன்றாக இருக்கிறது. தாய்க்கு உடனே உயிர் போகும் என்றால் கலைக்கலாம், ஆனால் கேன்சர் உடனே கொல்கிற நோய் இல்லை. கோர்ட்டில் ஆர்டர் வாங்கி வந்தால் பண்ணலாம் என்று ஒரு சின்ன டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். "மீன் விக்கிறவ கோர்ட்டுக்கு எந்த பஸ்ல போவணும், அதையும் சொல்லிடு நைனா" என்று முனியம்மாள் கேட்டார். எனக்கு அப்போது உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனி யாராலும் கலைக்க முடியாது என்று நினைத்தேன். இதை எழுத வேண்டுமா என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார். எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு அசோகன் வந்தான். வந்து என்ன பிரயோசனம். எட்டாம் மாதம் தொடங்கியதும் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை, கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். முதல் தடவை நான்தான் குளிப்பாட்டினேன். பத்தொன்பது வருடத்தில் குளிப்பாட்டி யாரிடமும் கொடுக்காத குழந்தை அது ஒன்றுதான். நிஷாவுக்குக் கரண்ட் ஆரம்பித்தார்கள். நுரையீரலுக்குப் போய்விட்டது, முதுகெலும்புக்குப் போய்விட்டது என்று கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார்கள். நாலாம் மாதத்திலேயே வந்திருந்தால் தேறியிருக்க வேண்டியவளை இப்போது என்னிடம் கொண்டு வந்திருக்கிறீர்களே என்று அந்தக் கேன்சர் டாக்டர் அசோகனிடம் கேட்டார். அவன் என்னைத்தான் பார்த்தான்.

அதன் பிறகு நிஷா பெரும்பாக்கம் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தாள். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு இருந்தேன். மலம் மூத்திரம் எல்லாம் நான்தான் எடுத்தேன். செய்த பாவத்துக்குக் கூலி என்று நினைத்து எடுத்தேன், ஆனால் அது கூலியாகாது. ஒருநாள் மதியம் முனியம்மாள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் நிஷா என்னைக் கூப்பிட்டாள். பாப்பா என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, அம்மா சொல்லுது, எங்கையெழுத்தே போதுமாம், அப்பவே பண்ணியிருப்பாங்களாம். நெசமாக்கா?" என்று கேட்டாள்.

நான் இல்லை என்று சொன்னேன். அது சட்டம், புருஷன் கையெழுத்து இல்லாமல் முடியாது, உங்க அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன்.

"அப்டின்னா சரி. அது சும்மா உம்மேல பழி போடுது" என்றாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, பாப்பாவுக்கு வேர்க்கிறது, ஃபேன் பக்கம் போ என்று சொன்னாள். சாயங்காலம் முனியம்மாள் வந்ததும் அவரைக் கூப்பிட்டு, அக்காவை ஒன்றும் சொல்லாதே, பாப்பா அக்காகிட்டயே இருக்கட்டும் என்று சொன்னாள். அதற்கடுத்த வாரம் இறந்துவிட்டாள். சாகப்போகிறவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், அதற்கும் நான் பொய் சொல்லி அனுப்பினேன். அவளுக்குக் காரியம் முடிந்து இத்தனை நாளாகியும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாப்பா சிரிக்கிறது. சிரித்தால் அப்படியே நிஷா.

யாரும் கட்டாயப்படுத்தாமல் இதையெல்லாம் ஏன் சொல்கிறாய், மனுவில் உன் மேல் சந்தேகம் மட்டும்தானே எழுதியிருக்கிறது என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார். முனியம்மாள் மனுவில் வேலியே பயிரை மேய்ந்தது என்று எழுதச் சொல்லியிருக்கிறார். அது நிஜம். ஆனால் நிஷா சொன்ன வார்த்தைக்காக அந்த அம்மாள் என்னை இன்னும் நேரில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். இதில் ஆஸ்பத்திரி வழக்கம் பாதி, சட்டத்தின் வாரக்கணக்கு பாதி என்று என் கணவர் எனக்கு எடுத்துச் சொன்னார். பூட்டு அவர்களுடையதாகவே இருக்கட்டும். சாவி என் இடுப்பில் இருந்தது.

குழந்தையைத் தன்னிடம் தர வேண்டும் என்று முனியம்மாள் மனுவில் கேட்டிருக்கிறார். அண்ணன்மார் இரண்டு பேரும் அவரிடம்தான் வளர்கிறார்கள். தருகிறாயா என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார். அசோகனைக் கேட்காதீர்கள், அவன் என்னைக் கேட்டுத்தான் சொல்வான். தர மாட்டேன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. தருகிறேன். இப்போது வெளியே பெஞ்சில் பாப்பா முனியம்மாள் மடியில்தான் இருக்கிறது. அழுகிற சத்தம் உள்ளே கேட்கிறது. என்னைத் தேடி அழுகிறது. நான் எழுந்து போகவில்லை.

நான் சொன்னதை எஸ்.ஐ. அம்மா முதலிலிருந்து கடைசி வரை படித்துக் காட்டினார். நான் சொன்னபடிதான் இருக்கிறது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை, என் அறிவோடு சொன்னேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் கணவர் தணிகாசலம் வாசலில் ஆட்டோவோடு நிற்கிறார், அவரும் வந்து போட வேண்டுமா என்று கேட்டேன்.

வேண்டாம், உன்னுடையது மட்டும் போதும் என்று எஸ்.ஐ. அம்மா சொன்னார். போட்டேன்.

(கையெழுத்து) செண்பகம்

என் முன்பாக: அனுப்ரியா, உதவி ஆய்வாளர்